மெய்ப்பிக்கப்பட்ட வடிவமைப்பும் ஆய்வின் சுயாதீனமும்: உள்ளரங்க நடமாடும் றோபோ பற்றிய ஒரு நோக்கு

ஆய்வுக்குரிய கருவியொன்றை ஆக்க முற்படும்பொழுது அது முற்றிலும் புதியதாக இருத்தல் வேண்டுமா, அன்றிப் பிறர் பயன்படுத்திச் சீர்தூக்கிய ஒன்றைத் தழுவி அமைத்தல் தகுமா என்னும் வினா விஞ்ஞானத்தின் எல்லாத் துறைகளிலும் எழுவதொன்றாகும். கலத்தின் அமைப்பை ஆராய்பவர் நுணுக்குக்காட்டியின் வில்லைகளைத் தாமே தீட்டுவதில்லை. விண்மீன்களை ஆராய்பவர் தொலைகாட்டியின் ஒளியியலை மீண்டும் கண்டுபிடிக்க முயல்வதில்லை. அவர்தம் புதுமை அவர்கள் எழுப்பும் வினாவிலே தங்கியுள்ளது. ஆயின் றோபோவியலில் இத்தெளிவு எளிதிற் கைகூடுவதில்லை. காரணம் யாதெனில், இங்கு கருவியும் ஆய்வுப் பொருளும் ஒன்றெனவே தோற்றமளிக்கின்றன. அறைகளிலும் நடைவழிகளிலும் தானாக இயங்கும் இயந்திரத்தை ஆராய விரும்புபவர், அவ்வியந்திரத்தின் சில்லு முதல் சிந்தனை வரை யாவற்றையும் தாமே புதிதாகப் படைத்தல் வேண்டும் என எண்ணுதல் இயல்பே.

இவ்வெண்ணத்தின் விளைவு பெரும்பாலும் ஏமாற்றமாகவே முடிகின்றது. ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட காலத்திற் பெரும்பகுதி உடலமைப்பிலே கழிந்துவிட, உண்மையான வினா தொடப்படாமலே எஞ்சுகின்றது. இதற்கு எதிர்மாறான அபாயமும் உண்டு. முழுமையாக்கப்பட்ட இயந்திரமொன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கும் ஆய்வுகூடம், அதன் உட்புறத்தை அறியாது, பழுதுற்றபோது திருத்த இயலாது, அதனை ஆக்கிய நிறுவனத்தின் தயவை எதிர்நோக்கி நிற்க நேரிடுகின்றது. குறைந்த வளமுடைய பல்கலைக்கழகத் துறையொன்று இவ்விரு அபாயங்களுக்குமிடையே எவ்வழியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இயக்க அமைப்பிலே மெய்ப்பிக்கப்பட்ட வடிவமைப்பைக் கொள்ளலும், அதனை ஆக்குவதிலே சொந்தக் கையை நம்புதலுமே தக்கது என்பதை இங்கு நிறுவ முயல்வோம்.

1. "மெய்ப்பிக்கப்பட்டது" என்பதன் பொருள்

உள்ளரங்க நடமாடும் ஆய்வு றோபோ என்பது, கட்டடத்தின் சமதளத் தரையிலே சில்லுகளின் துணையால் இயங்கி, உணரிகளாற் சூழலை அறிந்து, மனிதரின் இடையறாத வழிகாட்டலின்றித் தன் செயலைத் தீர்மானிக்கும் இயந்திரமாகும். அதனை இயக்க அடித்தளம், உணரிகள், கணனி, மென்பொருள் என நான்கு கூறுகளாக வகுத்துக் காணலாம். இவற்றுள் உணரிகளும் மென்பொருளுமே இன்றைய ஆய்வின் முக்கிய களங்கள். அடித்தளம், அவ்வாய்வுகள் அனைத்தையும் தாங்கும் மேடை.

அடித்தளமொன்றை மெய்ப்பிக்கப்பட்டது எனக் கூறுவதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டப்படுகின்றன. முதலாவது, வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு நோக்கங்களுக்காக அது பல்லாண்டுகள் பயன்பட்டிருத்தல் வேண்டும். இரண்டாவது, அதன் குறைகள் அறியப்பட்டு, அளவிடப்பட்டு, அவற்றைத் திருத்தும் முறைகளும் வெளியிடப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவது, அதனை ஆக்கும் அறிவு ஒருவரது உடைமையாக அன்றிப் பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். இவற்றுள் இரண்டாம் நிபந்தனையே பெரிதும் கவனிக்கப்படாதது. குறையற்ற கருவி எங்கும் இல்லை. குறை இன்னதென அறியப்பட்ட கருவியே ஆய்வுக்குப் பயன்படும்.

2. வரலாறு காட்டும் வழி

நடமாடும் றோபோக்களின் வரலாறு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலத்தை உள்ளடக்கியது. 1948, 1949 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் நரம்பியலறிஞர் கிறே வோல்ரர் ஆக்கிய "ஆமைகள்" இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கின்றன. மூன்று சில்லுகளைக் கொண்ட அவ்வியந்திரங்களில் முன்சில்லே உந்துதலையும் திருப்புதலையும் ஒருங்கே செய்தது. ஒளியை நாடிச் செல்லும் அவற்றின் நடத்தையை இரண்டு வால்வுகளைக் கொண்ட எளிய மின்சுற்றே ஆக்கிற்று. மிகச் சில நரம்பணுக்களை ஒத்த அமைப்பிலிருந்து சிக்கலான நடத்தை தோன்றுமா என்பதே வோல்ரரின் வினா. அவ்வினாவுக்குப் போதுமான அளவுக்கே உடல் அமைக்கப்பட்டது.

1966 முதல் 1972 வரை ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவாகிய ஷேக்கி என்னும் றோபோ, இரு பக்கங்களிலும் தனித்தனி மோட்டர்களால் இயக்கப்பட்ட இரண்டு சில்லுகளையும், முன்னும் பின்னும் தாமாகத் திரும்பும் துணைச்சில்லுகளையும் கொண்டிருந்தது. நகரும்போது நடுங்கியமையாலேயே அது அப்பெயர் பெற்றது. எனினும், அவ்வெளிய உடலைச் சுற்றி நிகழ்ந்த ஆய்விலிருந்தே 1968 இல் "ஏ ஸ்ரார்" எனப்படும் குறும்பாதை தேடும் முறையும், 1971 இல் "ஸ்ட்ரிப்ஸ்" எனும் திட்டமிடல் முறையும் தோன்றின. அவற்றுள் முன்னையது இன்றும் நாள்தோறும் பயன்பட்டு வருகின்றது. உடல் நடுங்கிற்று, அதனாற் கிடைத்த அறிவு நிலைத்தது.

1979 இல் ஹான்ஸ் மொறவெக் என்பார் ஸ்ரான்ஃபோர்ட் வண்டியைக் கதிரைகள் நிறைந்த அறையொன்றினூடாக மனிதத் தலையீடின்றிச் செலுத்தினார். அப்பயணம் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலங்கள் எடுத்தது. தாமதத்திற்குக் காரணம், ஒவ்வொரு மீற்றர் நகர்வின் பின்னும் கமராப் படங்களைக் கணனி நெடுநேரம் ஆராய வேண்டியிருந்தமையே. அவ்வண்டி மோட்டர் வாகனம் போன்று முன்சில்லுகளைத் திருப்பும் முறையினது. பிரான்சின் துலூஸ் நகரில் 1977 அளவில் தொடங்கிய ஹிலாரே றோபோவோ, இரண்டு உந்துசில்லுகளும் ஒரு துணைச்சில்லும் கொண்ட அமைப்பைத் தேர்ந்தது.

1980களிலும் 1990களிலும் வேறு முறைகளும் செல்வாக்குப் பெற்றன. அவற்றுள் ஒன்று, எல்லாச் சில்லுகளும் பட்டிகளால் அல்லது பற்சில்லுகளால் இணைக்கப்பட்டு ஒரே திசையில் ஒருங்கே திரும்பும் ஒத்தியங்கு முறை. இவ்வகை அடித்தளத்தின் மீதமைந்த றைனோ என்னும் றோபோ, 1997 இல் ஜேர்மனியின் பொன் நகர அருங்காட்சியகமொன்றில் ஆறு நாட்கள் பார்வையாளருக்கு வழிகாட்டி, 18 கிலோமீற்றருக்கும் மேலாகப் பயணஞ் செய்தது. இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. றைனோவின் அடித்தளம் நிறுவனமொன்றிலிருந்து வாங்கப்பட்டதாகும். பொன் பல்கலைக்கழக ஆய்வாளரின் பங்களிப்பு, சனநெரிசலிலும் றோபோ தன் இருப்பிடத்தை நிகழ்தகவு முறையால் அறிந்துகொள்ளும் வழியிலேயே அமைந்தது. அடித்தளத்திலே புதுமை செய்யாமையால் அவர்தம் ஆய்வின் பெருமை குன்றவில்லை.

மற்றொரு முறை, சுவீடன் நாட்டவரான பெங்ற் இலோன் 1970களில் ஆக்கிய மெக்கானம் சில்லை அடிப்படையாகக் கொண்டது. சில்லின் சுற்றுவட்டத்திலே 45 பாகை சாய்வாகச் சிறு உருளைகள் பொருத்தப்பட்டுள்ளமையால், நான்கு சில்லுகளின் வேகங்களை வெவ்வேறாக அமைத்து வண்டியைப் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் யுரேனஸ் றோபோ இம்முறையைக் கையாண்டது.

இப்பன்மையிடையே ஒரு போக்குத் தெளிவாகப் புலப்படுகின்றது. 55 மில்லிமீற்றர் விட்டமே கொண்ட சுவிற்சர்லாந்தின் கெப்பரா முதல், உலகின் பல பல்கலைக்கழகங்களில் இடம்பிடித்த பயனியர் வரிசை வரை, உள்ளரங்க ஆய்வு றோபோக்களிற் பெருந்தொகையானவை ஷேக்கியின் இருசில்லு உந்துமுறைக்கே திரும்பின. இதனை வெறும் பழக்கம் எனக் கொள்ளல் பொருந்தாது. இதற்கான காரணங்கள் பொறியியலிலும் கணிதத்திலும் உள்ளன.

3. இருசில்லு முறையின் இயல்பு

இருசில்லு முறையிலே, ஒரே அச்சில் அமைந்த வலச்சில்லும் இடச்சில்லும் தனித்தனி மோட்டர்களால் இயக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே கதியிற் சுழலின் றோபோ நேர்கோட்டிற் செல்லும். கதிகள் வேறுபடின் வளைந்து செல்லும். சம கதியில் எதிரெதிராகச் சுழலின் நின்ற இடத்திலேயே திரும்பும். இதன் கணிதம் இரண்டே கூற்றுகளில் அடங்கும். இரு சில்லுகளின் கதிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் றோபோவின் முன்னோக்கிய கதி கிடைக்கும். வலச்சில்லின் கதியிலிருந்து இடச்சில்லின் கதியைக் கழித்து, சில்லுகளுக்கிடையிலான தூரத்தால் வகுத்தால் அதன் கோண வேகம் கிடைக்கும். திருப்புதற்கென வேறு பொறிமுறை எதுவும் தேவையில்லை.

இரண்டு உந்துசில்லுகளுடன் ஒரு துணைச்சில்லைச் சேர்க்கும்பொழுது றோபோ மூன்று புள்ளிகளில் தரையைத் தொடுகின்றது. மூன்று புள்ளிகள் எப்பொழுதும் ஒரே தளத்தில் அமையும். ஆதலின், தரை சற்று மேடுபள்ளமாயினும் மூன்று சில்லுகளும் தரையிற் பதிந்தே இருக்கும். விறைப்பான சட்டத்திற் பொருத்திய நான்கு சில்லுகளாயின் ஒன்று தரையை விட்டு எழுதல் கூடும். அது உந்துசில்லாயின் இயக்கம் பிசகும். அதனைத் தவிர்க்க வில் தாங்கிகள் வேண்டப்படும்.

உடலை வட்டமாக அமைத்து, உந்து அச்சினை வட்டத்தின் மையத்தினூடாகச் செல்லவைத்தல் இன்னொரு நன்மையைத் தருகின்றது. அத்தகைய றோபோ நின்ற இடத்திலே திரும்பும்போது புதிதாக எவ்விடத்தையும் மேவுவதில்லை. எனவே பாதை வகுக்கும் கணனி, தடைகள் ஒவ்வொன்றையும் றோபோவின் ஆரையளவுக்குப் பெருப்பித்துக் கொண்டு, றோபோவை ஒரு புள்ளியாகவே கருதலாம். நீள்சதுர உடலாயின் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கோணத்திற்கும் தனித்தனியே மோதலை ஆராய வேண்டும். உடலின் வடிவத்திலே செய்யும் ஒரு தெரிவு, மென்பொருளிலே ஒரு பரிமாணத்தையே குறைத்துவிடுகின்றது.

ஏனைய முறைகளோடு ஒப்பிடின் இதன் தகுதி மேலும் தெளிவாகும். வாகனத் திருப்புமுறை நின்ற இடத்திலே திரும்ப முடியாதது. ஒடுங்கிய நடைவழியின் முடிவில் அது முன்னும் பின்னுமாகப் பல தடவை அசைதல் வேண்டும். ஒத்தியங்கு முறை தன் நகர்வைச் செம்மையாகக் கணிக்க வல்லதாயினும், அதன் பட்டிகளையும் பற்சில்லுகளையும் செம்மையாக ஆக்கத் தேர்ந்த பட்டறை வேண்டும். மெக்கானம் சில்லின் உருளைகள் தரையில் வழுக்குதல் இயல்பாதலால், சில்லுகளின் சுழற்சியைக் கொண்டு இருப்பிடத்தைக் கணித்தல் கடினமாகின்றது. சுருங்கக் கூறின், பக்கவாட்டில் நகர முடியாமை ஒன்றே இருசில்லு முறை செலுத்தும் விலை. அறைகளிடையே செல்லும் றோபோவுக்கு அவ்விலை பெரிதன்று.

4. அறியப்பட்ட குறைகள்

சில்லுகளின் சுழற்சியை எண்ணி, அதிலிருந்து றோபோவின் இருப்பிடத்தைக் கணிப்பதைச் சில்லோட்டக் கணிப்பு எனலாம். இருசில்லு முறையின் முதன்மையான பலவீனம் இங்கேயே உள்ளது. ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். சில்லுகளுக்கிடையே 30 சென்ரிமீற்றர் தூரமுடைய றோபோவொன்றில், 15 சென்ரிமீற்றர் விட்டமுடைய சில்லுகளுள் ஒன்று மற்றையதிலும் ஒரு சதவீதம், அதாவது ஒன்றரை மில்லிமீற்றர், பெரிதாக உள்ளது என்க. கணனி இரண்டும் சமம் என எண்ணி 4 மீற்றர் நேராகச் செல்லக் கட்டளையிடுகின்றது. ஒரு சில்லு மற்றையதிலும் 4 சென்ரிமீற்றர் அதிகமாகச் செல்லும். அதனால் றோபோ ஏறத்தாழ 7.6 பாகை திரும்பி, தன் நேர்ப்பாதையிலிருந்து ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். சாதாரண கதவு நிலையொன்றில் மோதிக்கொள்ள அவ்விலகல் போதுமானது. கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு ஓர் அறையின் நீளத்திற்குள்ளேயே ஆய்வைக் கெடுத்துவிடுகின்றது.

இவ்வழுவை அளவிடும் முறையை 1990களின் நடுப்பகுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொரென்ஸ்ரைன், ஃபெங் ஆகிய இருவரும் வகுத்தளித்தனர். றோபோவை 4 மீற்றர் பக்கமுடைய சதுரப் பாதையிலே வலஞ்சுழியாக ஐந்து தடவையும் இடஞ்சுழியாக ஐந்து தடவையும் செலுத்தி, ஒவ்வொரு தடவையும் அது தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதை அளத்தல் வேண்டும். இரு திசைகளிலும் செலுத்துவதன் காரணம் நுட்பமானது. முறையான வழுக்கள் இரண்டு. ஒன்று, சில்லு விட்டங்களின் சமனின்மை. இது பாதையை எப்பொழுதும் ஒரே பக்கத்திற்கு வளைக்கும். மற்றையது, சில்லிடைத் தூரத்தைத் தவறாகக் கொள்ளுதல். இது மூலைகளில் கூடுதலாகவோ குறைவாகவோ திரும்பச் செய்யும். ஒரு திசையிற் செல்லும்போது இவ்விரு வழுக்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து, றோபோ சரியாகவே இயங்குவது போன்ற மயக்கத்தைத் தரலாம். எதிர்த்திசையிற் செல்லும்போது அவை ஒன்றுசேர்ந்து பெருகும். ஒரு திசையில் மட்டும் சோதித்துத் திருப்தியடையும் ஆய்வாளர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றார்.

இரு திசை அளவீடுகளிலிருந்தும் இரண்டு திருத்தக் காரணிகளைக் கணித்து மென்பொருளில் இடுவதன் மூலம் இவ்வழுவைப் பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைக்கலாம் என அவர்கள் காட்டினர். தேவையான உபகரணங்களோ ஓர் அளவுநாடாவும் வெண்கட்டியுமே. மெய்ப்பிக்கப்பட்ட வடிவமைப்பைத் தேர்பவருக்கு இத்தகைய அறிவு முதுசொம்மாகக் கிடைக்கின்றது. புதிய அடித்தளமொன்றைப் புனைபவர் இதற்கு நிகரான சோதனையையும் தாமே புனைதல் வேண்டும்.

துணைச்சில்லும் ஒரு குறையுடையது. றோபோ முன்னோக்கிச் சென்று பின்னோக்கித் திரும்பும்போது, துணைச்சில்லு தன் தண்டைச் சுற்றி மறுபுறம் திரும்புகையில் உடலைச் சற்றே பக்கவாட்டில் தள்ளுகின்றது. துணைச்சில்லின் மேல் பாரம் மிகுந்தால் இத்தள்ளுதலும் மிகும். எனவே பாரத்தின் பெரும்பகுதி உந்துசில்லுகளின் மேல் தங்குமாறு மின்கல அடுக்கை அச்சிற்கு அண்மையில், இயன்றளவு தாழ்வாக வைத்தல் வேண்டும். இதனால் உந்துசில்லுகளின் பிடிப்பும் வலுப்பெறும்.

5. ஓர் எடுத்துக்காட்டுக் கணிப்பு

இவ்வாறான அடித்தளத்தை ஆக்க எத்துணை வலு வேண்டும் என்பதை எளிய கணிப்பால் அறியலாம். 40 சென்ரிமீற்றர் விட்டமும் 12 கிலோகிராம் திணிவும் கொண்ட றோபோ, செக்கனுக்கு அரை மீற்றர் கதியிற் செல்லவேண்டும் எனக் கொள்வோம். மனித நடையிலும் மெதுவான இக்கதி உள்ளரங்கில் பாதுகாப்பானது.

பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் சாய்வுடைய தளத்தில் ஏற 9.8 நியூற்றன் விசை வேண்டும். செக்கனுக்குச் செக்கன் அரை மீற்றர் ஆர்முடுகலுக்கு 6 நியூற்றன் வேண்டும். உருளல் தடைக் குணகத்தை 0.02 எனக் கொண்டால் அதற்கு ஏறத்தாழ 2.4 நியூற்றன் வேண்டும். மொத்தம் 18.2 நியூற்றன்; சில்லொன்றுக்கு 9.1 நியூற்றன். சில்லின் ஆரை 7.5 சென்ரிமீற்றராதலின், ஒவ்வொரு சில்லிலும் ஏறத்தாழ 0.7 நியூற்றன் மீற்றர் முறுக்கம் தேவை. பாதுகாப்பிற்காக அதனை இருமடங்காக்கி 1.4 நியூற்றன் மீற்றர் எனக் கொள்ளலாம். சுழற்சி வேகமோ நிமிடத்திற்கு 64 சுற்றுகள். பற்சில்லுப் பெட்டியுடன் கூடிய சிறிய நேரோட்ட மோட்டர்கள் இதற்குப் போதும். சாய்தளத்தில் முழுவேகத்தில் ஆர்முடுகும்போதும் தரையிற் செலவாகும் வலு ஏறத்தாழ 9 உவாற்றே.

சில்லொருமுறை சுழலும்போது றோபோ 47 சென்ரிமீற்றர் செல்கின்றது. சுழற்சியொன்றுக்கு 500 துடிப்புகளைத் தரும் எண்ணியொன்றை அச்சிற் பொருத்தினால், ஒவ்வொரு துடிப்பும் ஒரு மில்லிமீற்றரிலும் சற்றுக் குறைந்த நகர்வைக் குறிக்கும். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி ஈயவமில மின்கல அடுக்கு 84 உவாற்று மணி சக்தியைத் தேக்கும். அதன் ஆயுள் கருதி அரைப்பங்கையே பயன்படுத்துவோமாயின் 42 உவாற்று மணி எஞ்சும். கணனிக்கு 15, மோட்டர்களுக்குச் சராசரியாக 10, உணரிகளுக்கு 5 உவாற்று எனக் கொள்ளின், ஒரு மணித்தியாலமும் இருபத்து நான்கு நிமிடமும் றோபோ இயங்கும். ஒரு பரிசோதனைத் தொடருக்கு இது போதியது.

கட்டுப்பாட்டை இரு அடுக்குகளாகப் பிரித்தலும் மெய்ப்பிக்கப்பட்ட நடைமுறையே. கீழடுக்கிலுள்ள சிறிய கட்டுப்படுத்தி சில்லுகளின் வேகத்தை மட்டும் பேணும். மேலடுக்கிலுள்ள கணனி முன்னோக்கிய கதி, கோண வேகம் ஆகிய இரண்டு எண்களை மட்டுமே அதற்கு அனுப்பும். அரைச் செக்கன் வரை கட்டளை எதுவும் வராவிடின் கீழடுக்கு மோட்டர்களை நிறுத்திவிடல் வேண்டும். முன்புற மோதல் ஆளியும் அவசர நிறுத்த ஆளியும் மென்பொருளை நம்பியிராது மின்னோட்டத்தை நேரே துண்டித்தல் வேண்டும். மாணவர் எழுதும் நிரலிற் பிழை நேர்தல் தவிர்க்க முடியாதது. அப்பிழையால் எவரும் காயமுறாதிருத்தல் வடிவமைப்பாளரின் கடமை.

6. திறந்த வடிவமைப்பும் மூடிய பெட்டியும்

மெய்ப்பிக்கப்பட்ட வடிவமைப்பு என்றதும் சந்தையில் விற்கப்படும் பொருளை வாங்குதலே எனச் சிலர் கொள்வர். இவ்விரண்டும் வேறானவை என்பதை டேர்ட்டில்பொட் எனப்படும் ஆமை றோபோ வரிசையின் வரலாறு காட்டுகின்றது. 2010 இல் ஐக்கிய அமெரிக்காவின் வில்லோ கராஜ் நிறுவனத்தில் மெலனி வைஸ், ரலி ஃபூற் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். வீட்டுத் தரையைத் துப்புரவாக்கும் இயந்திரத்தின் வழிவந்த கிரியேற் எனும் அடித்தளம், விளையாட்டுக்கென விற்கப்பட்ட கினெக்ற் ஆழக் கமரா, சிறு மடிக்கணனி ஆகிய எளிதிற் கிடைக்கும் மூன்றையும் இணைத்து, "றொஸ்" எனப்படும் திறந்த மூல மென்பொருளால் இயக்கினர்.

பின்னர் நிகழ்ந்தவை சிந்தனைக்குரியன. 2012 இல் இரண்டாம் ஆமை கொரிய நிறுவனமொன்றின் கொபூக்கி அடித்தளத்தைக் கொண்டு வெளிவந்தது. 2014 இல் வில்லோ கராஜ் தன் பணியை நிறுத்திக்கொண்டது. 2017 இல் மூன்றாம் ஆமை வேறொரு கொரிய நிறுவனத்தினால் வெளியிடப்பட்டது. அதன் சிறிய வகை ஒரு கிலோகிராம் திணிவே கொண்டது. வரைபடங்களும் திறந்த நிலையிலே வழங்கப்பட்டன. 2022 இல் நான்காம் ஆமை வேறோர் அடித்தளத்துடன் கனடா நாட்டிலிருந்து வந்தது. மென்பொருளிலும் மாற்றம் நேர்ந்தது. றொஸ்ஸின் முதலாந் தலைமுறைக்கான ஆதரவு 2025 மே மாதத்துடன் முடிவடைந்தது. இன்று புதிதாகத் தொடங்குவோர் இரண்டாந் தலைமுறையையே கொள்ளல் வேண்டும்.

ஆக, பன்னிரண்டு ஆண்டுகளில் ஆக்கியோர் மாறினர். அடித்தளம் மூன்று முறை மாறிற்று. முதல் நிறுவனமே மறைந்தது. மாறாது நின்றவை எவை? தனித்தனியே இயங்கும் இரண்டு உந்துசில்லுகள், அவற்றுக்கு அனுப்பப்படும் இரண்டு எண்கள், எவரும் படிக்கத்தக்க மென்பொருள் ஆகியனவே. குறிப்பிட்ட ஒரு பெட்டியை மட்டும் நம்பியிருந்த ஆய்வுகூடம் அப்பெட்டியின் உற்பத்தி நின்றதும் உதிரிப்பாகமின்றித் தவித்தல் தவிர்க்க முடியாதது. தத்துவத்தையும் இடைமுகத்தையும் தன்வயமாக்கிக்கொண்ட ஆய்வுகூடமோ, தன் மென்பொருளிலே சில்லு ஆரையையும் சில்லிடைத் தூரத்தையும் திருத்திப் புதிய உடலொன்றில் ஆய்வைத் தொடரலாம்.

இங்கு எழுவது பொறியியல் வினா மட்டுமன்று. அறிவு எவர் கையில் உள்ளது என்னும் சமூக வினாவும் இதிலடங்கும். மூடிய பெட்டியை வாங்கும் துறை, பயன்படுத்துவோரை உருவாக்கும். அதே தத்துவத்திலமைந்த பெட்டியைத் தானே ஆக்கும் துறை, திருத்த வல்லாரையும் மாற்றியமைக்க வல்லாரையும் உருவாக்கும். தட்டுகளை ஒட்டுப்பலகையில் வெட்டலாம். மோட்டர்களையும் மின்கல அடுக்கையும் உள்ளூர்ச் சந்தையிலே தெரிந்தெடுக்கலாம். பழுதுற்ற பாகத்தை அடுத்த நாளே மாற்றலாம். லேசர்த் தூரமானி, கணனி ஆகியவற்றை வெளியிலிருந்து பெறல் தவிர்க்க முடியாததெனினும், அவை எந்த உடலுக்கும் இடம்மாற்றத் தக்கவை. செலவிடப்படும் பணம் உடலோடு அழிவதில்லை.

7. பின்பற்றலும் போலச்செய்தலும்

இதற்கு எதிராக ஒரு வாதம் முன்வைக்கப்படலாம். பிறர் வகுத்த வடிவத்தைப் பின்பற்றுதல் எம்மைப் போலச்செய்வோராக ஆக்கிவிடாதா? எல்லோரும் ஷேக்கியின் சில்லுகளோடு நின்றுவிட்டால் புதிய அடித்தளங்கள் எவ்வாறு தோன்றும்? இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. இயக்கமே ஆய்வுப் பொருளாக இருப்பின், அதாவது படியேறும் உடலையோ ஒடுங்கிய இடத்தில் பக்கவாட்டில் நகரும் உடலையோ ஒருவர் ஆராய்வாராயின், அவர் பழைய வழியை விட்டு விலகியே ஆகவேண்டும். இலோன் விலகியமையாலேயே மெக்கானம் சில்லு தோன்றியது. ஆயின் அவருக்கு அச்சில்லே வினா.

மற்றையோருக்கு, தம் முடிவுகளைப் பிறர் முடிவுகளோடு ஒப்பிடக்கூடியதாயிருத்தல் இன்றியமையாதது. புதிய பாதைத் திட்டமிடல் முறையொன்று தோல்வியுற்றால், அத்தோல்வி முறையினுடையதா, சில்லு வழுக்கியமையால் நேர்ந்ததா என்பதைப் பிரித்தறிய முடிதல் வேண்டும். உடலும் புதிது, உணரியும் புதிது, முறையும் புதிது எனின், எப்பரிசோதனையும் எதனையும் நிறுவாது. ஒன்றை ஆராய்வதற்கு ஏனையவற்றை அறிந்தவையாக நிறுத்துதல் விஞ்ஞான முறையின் பாலபாடம். மெய்ப்பிக்கப்பட்ட அடித்தளம் அவ்வாறு நிறுத்தப்பட்ட ஒன்றே.

போலச்செய்பவர், ஏன் என்று அறியாது வடிவத்தை எடுத்துக்கொள்கின்றார். பின்பற்றுபவர், ஏன் மூன்று தொடுபுள்ளிகள், ஏன் வட்ட உடல், ஏன் இரு திசைச் சோதனை என்பவற்றை அறிந்து எடுத்துக்கொள்கின்றார். அறிந்து எடுத்துக்கொண்டவருக்கே எவ்விடத்தில் அதனை விட்டு விலகவேண்டும் என்பதும் புலனாகும்.

எனவே இத்துறையிற் புகும் ஆய்வாளர் முதலிற் செய்யவேண்டியது, தம் வினாவை ஒரு வசனத்தில் எழுதிக்கொள்ளலாகும். அவ்வசனத்தில் சில்லு என்னும் சொல் இடம்பெறாவிடின், சில்லிலே புதுமை தேட வேண்டியதில்லை. இரண்டு உந்துசில்லுகளும் ஒரு துணைச்சில்லும் கொண்ட வட்டமான அடித்தளத்தைத் தம் பட்டறையிலேயே ஆக்கி, தரையிலே 4 மீற்றர்ச் சதுரமொன்றை வெண்கட்டியால் வரைந்து, இரு திசையிலும் ஐவைந்து தடவை செலுத்தி, கிடைத்த வழுவைக் குறிப்பேட்டிற் பதிந்துகொள்வாராக. அக்குறிப்பேட்டின் அடுத்த பக்கத்திலிருந்தே அவரது ஆய்வு தொடங்குகின்றது.